புருல் ஓட்டிய ஜீப்பின் இரண்டு நடுக்கங்கள்

நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று குழந்தைக்குப் புருல் என்று பெயர் வைத்தார்கள். ‘திரும்பு’ என்று பொருள். அடுத்ததும் பெண்தான். அதற்கடுத்ததும் பெண்தான். அதற்காக மலையூரான கோஷ்தோரில் யாரும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடவில்லை. இன்றைக்கும் அந்த ஊர்ப் பள்ளியில் மூன்று புருல்கள் படிக்கிறார்கள்; மூவருக்கும் தங்கைகள் இருக்கிறார்கள்.

முதலில் சொன்ன புருலுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் டிராக்டர் நிலையத்தில் பதினோரு வருஷம் லேத் ஓட்டியவள். பண்ணை கலைந்தபின் கணவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். புத்தாண்டுக்குப் புத்தாண்டு போன் செய்வான். ஒன்பது வருஷமாக அவள் ஊர் மருந்தகத்தின் ஜீப் ஓட்டுநர். ஜீப்புக்கு வயது முப்பதுக்கு மேல். ஜப்பானில் பிறந்தது, ஸ்டியரிங் வலப்பக்கம், நாலு சக்கரமும் இழுக்கும். குளிர்காலத்தில் துஸ்பெல் கணவாயைத் தாண்டிப் பிரசவத்துக்குப் பெண்களைக் கொண்டுபோக அந்த ஜீப்பை விட்டால் குதிரைதான். சாவி புருலின் கோட்டுப் பையில் இருக்கும்வரை, நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவன்கூட “எஜே” என்று அக்கா முறை சொல்லித்தான் தட்டுவான். சாவி கைமாறினால் அவள் மறுபடியும் ரஷ்யாவில் இருக்கிற எவனோ ஒருவனுடைய மனைவி. அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்கு அது பெரிய வித்தியாசம்.

அந்த வசந்தத்தில் ஜீப் நடுங்க ஆரம்பித்தது.

முதலில் இருக்கையில் மெல்லிய அதிர்வு. பிறகு பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் காய்ச்சல்காரன் கைபோல் ஆடியது. ஏப்ரல் கடைசியில் ஐம்குல் என்ற பெண்ணைக் கொண்டுபோகும்போது, கணவாயின் மறுபக்கத்துப் பதினோரு கிலோமீட்டர் இறக்கத்தில் வண்டி குலுக்கிய குலுக்கில், ஆஸ்பத்திரிக்காகக் காத்திராமல் குழந்தை பின்னிருக்கையிலேயே பிறந்துவிட்டது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். வழியில் பிறந்தவன் என்று ஜோல்போல்து எனப் பெயரிட்டு ஆடும் அறுத்தார்கள். புருலுக்கு நல்ல தொடைக்கறி வந்தது. மறுவாரம் ஊராட்சித் தலைவர் சாதிர்பெக்கிடமிருந்து ஆளும் வந்தது.

“உட்காரு புருல்” என்றார் சாதிர்பெக். உட்காரும் முன்பே தேநீரைத் தள்ளினார். கெட்ட செய்தி என்று அவளுக்கு விளங்கியது. “வண்டி நடுங்குதாமே.”

“நடுங்குது பைகே” என்றாள், அண்ணன் முறை சொல்லி. “பாத்துக்கிட்டுருக்கேன்.”

“நீ பாக்க வேண்டியதில்ல. ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அது வண்டியோட கோளாறு இல்லம்மா. ஆம்பளைக்குச் செஞ்ச வண்டி. ஒன்பது வருஷம் பொறுத்துக்கிச்சு. இனி தாங்கலைங்குது.”

“வண்டி உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?”

“கிண்டல் வேணாம். சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஊராட்சி கூடுது. சாவி மிர்லானுக்குப் போவுது.”

மிர்லான் அவருடைய தங்கை மகன். இருபத்தெட்டு வயது. தலைநகரில் டாக்சி ஓட்டி, இரண்டு டாக்சியைச் சாய்த்துவிட்டு ஊர் திரும்பியவன்.

“நடுக்கத்தக் கண்டுபிடிச்சு நிறுத்திட்டா?”

சாதிர்பெக்குக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. “நிறுத்திட்டா அப்போ பாக்கலாம். நானே ஏறி உக்காந்து வர்றேன்” என்றார்.

அநியாயம் எப்போதுமே கொடுங்கோலன் வேஷத்தில் வருவதில்லை. பெரும்பாலும் அது தேநீர் கொடுத்து, அம்மா என்று கூப்பிட்டு, உன் நன்மைக்குத்தான் என்று சொல்லித்தான் வருகிறது. புருல் தேநீரைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தாள். நல்ல தேநீரை எதற்கு வீணாக்க வேண்டும்.

அவள் முதலில் செய்தது ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டது. ஊர் முழுக்க ‘நடுக்கம்’ என்று ஒரே சொல்லாகச் சொன்னதை அவள் இரண்டாகப் பிரித்தாள். பிரேக்கைத் தொடாமலே, அறுபதைத் தாண்டினால் இருக்கையின் அடியில் வருவது ஒன்று. பிரேக்கை மிதித்தால் மட்டும் ஸ்டியரிங்கில் வருவது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுடைய வேலையாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

துணைக்கு மருந்தகத்து நர்ஸ் சைனபைச் சேர்த்துக்கொண்டாள். கணவாய்க்கு மேல்புறம் படித்த பெண் அவள் ஒருத்திதான். நகரத்தில் நாலு வருஷம் படித்தவள், சோப்புப் போடாமல் யார் கையையும் தொடவிடாதவள். சமவெளிச் சாலையில் புருல் எழுபது வரைக்கும் விரட்டி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, என்ஜினையும் அமர்த்தினாள். வண்டி தானாக உருண்டது. அதிர்வு அப்படியே இருந்தது.

“என்ஜின் இல்ல. என்ஜின் தூங்குது, இது முழிச்சிருக்கு. உருள்றதுல ஏதோ ஒண்ணு” என்றாள் புருல்.

முன்சக்கரங்களைப் பின்னால் மாட்டினார்கள். அதிர்வு கொஞ்சம் இடம் மாறியது, போகவில்லை. “அப்ப சக்கரத்துல கொஞ்சம், வேற எங்கியோ மிச்சம்” என்று நோட்டில் எழுதினாள். மறுநாள் பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டைகள் கொடுத்து, சக்கரத்தைக் காற்றில் ஓடவிட்டாள். சைனப் தன் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து, நீளமான கரண்டிக் காம்பு ஒன்றின் ஒரு முனையில் குழலை வைத்து மறுமுனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டாள். அந்த வழியாகப் போன இரண்டு பேர் தங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்; வண்டி இறந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தார்களாம்.

“பின்பக்கம் சத்தம் சுத்தமா இருக்கு எஜே. நடுவுல, கியர்பாக்ஸ்லேர்ந்து பின்னால போவுதே நீள ஷாஃப்டு, அங்க தட்டுது. ரெண்டு சத்தம், ஒரு இடைவெளி. இதயக் கோளாறு மாதிரி.”

“நிறுத்தறேன். வெளிய வா.”

“இல்ல… நானே… இருங்க, நீங்க வர வேணாம்.”

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. புருல் என்ஜினை அமர்த்திவிட்டு உள்ளே நுழைந்தாள். ஷாஃப்டின் முன்முனையில், அடித்தகடு மறைக்கிற இடத்தில், சேறும் கிரீசும் பூசிய ஒரு கட்டி. சுரண்டினால் முக்கோணத் தோல் தாயத்து. மருந்தகத்துப் பிளாஸ்திரியால் எட்டுச் சுற்று. அதன்மேல் தையல் நூல், டாக்டர் போடும் முடிச்சு.

சைனப் வண்டியடியில் மல்லாந்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?”

“தாயத்து.”

“தெரியுது. முடிச்சு யாருது?”

“என்னுதுதான் எஜே” என்றாள் சைனப். “இதெல்லாம் பொய்னு எனக்குத் தெரியும். ஒரு பாதுகாப்புக்குக் கட்டினேன்.”

“பொய்னு தெரிஞ்ச பாதுகாப்பு.”

“ஊசி போடறப்ப நாமும் எல்லாம் சரியாயிடும்னு சொல்றதில்லையா.”

“உள்ள என்ன இருக்கு, இம்புட்டுக் கனமா?”

“ஈயத் தகடு. எழுத்து அழியக்கூடாதுன்னு தாயத்து எழுதற ஷேக் ஈயத்துல எழுதிக் குடுத்தாரு.”

நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலுகிற கம்பியின் ஒரு பக்கத்தில் ஈயம். புருல் சிரிப்பதா அறைவதா என்று தெரியாமல், கரண்டிக் காம்பால் சைனபின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். அறுத்தெடுத்த பிறகு அதிர்வு பாதி குறைந்தது.

மீதிப் பாதி ரிம்மில் இருந்தது. டயரைக் கழற்றியபோது வலது ரிம்மின் உள்விளிம்பில் கைப்பிடி அளவுக்குச் செம்மண், செங்கல்லாக இறுகிக் கிடந்தது. கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற தர்காவின் மண். யார் அப்பியது என்று விசாரித்தாள். ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஐம்குலின் மாமியார் வந்து, “எடுத்தீங்களே, அதக் குடுங்க, வேற வேலைக்கு ஆகும்” என்றாள். கதவுக்குள் கடகடத்தது ஆந்தையின் கால்நகம் ஒன்று. அதற்கும் சொந்தக்காரர் இருந்தார், பேர் சொல்லவில்லை. தங்கள் பெண்களைச் சுமக்கிற வண்டி என்று ஊரே ஆளுக்கொரு ஆசீர்வாதத்தை அதற்குள் திணித்திருந்தது. சைனப் அவற்றை மருந்தக மேசையில் வரிசையாக வைத்து, எடுத்த தேதி, எடுத்த உறுப்பு என்று சீட்டு ஒட்டினாள்.

அறுபதில் வந்த நடுக்கம் போய்விட்டது. பிரேக்கில் வந்த நடுக்கம் அப்படியே இருந்தது. கூட்டத்துக்கு நாலு நாள்.

புருல் முன்சக்கரங்களைக் கழற்றிப் பிரேக் டிஸ்க்கைத் திறந்துவைத்தாள். சைனப் தந்த ஊசியை ஒரு கட்டையில் குத்தி, முனை டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினாள். கால் சுற்றுக்கு ஊசி கீச்சிட்டது. அரைச் சுற்றுக்கு மௌனம். மறுபடி கீச்சு. டிஸ்க் தட்டையாக இல்லை, காய்ந்த ரொட்டிபோல் வளைந்திருந்தது. அதைப் பிடிக்கிற பிரேக் கட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறது. அதுதான் ஸ்டியரிங்கின் காய்ச்சல்.

“இரும்பு எதுக்கு வளையுது எஜே?” என்றாள் சைனப்.

“சூட்டுல மட்டும் வளையாது. நாம இறங்கற இறக்கத்துக்கு அது தினம் காயுது, தினம் ஆறுது. ஒரு பக்கம் கொதிக்கறப்ப இன்னொரு பக்கம் சட்டுனு குளிர்ந்தாத்தான்…”

நிறுத்திவிட்டாள். டிஸ்க்கின் நடுவில், பிரேக் கட்டை உரசாத பகுதியில், வெள்ளையாகப் படலம் படிந்திருந்தது. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள். கெண்டியின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. அதே உவர்ப்பு.

இறக்கம் முடிகிற இடத்தில் தர்கா, தர்காவுக்குப் பக்கத்தில் ஊற்று. மேலிருந்து நலமாக இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே நிற்கும். உள்ளே இருப்பவர்கள் கைவிரித்து முகத்தைத் தடவிக்கொள்வார்கள். தர்காவைப் பார்த்துக்கொள்கிற ஒசோர் அத்தா கெண்டியோடு வந்து முன்சக்கரங்களுக்கு ஊற்றுத் தண்ணீர் வார்ப்பார். பனி உருகிய தண்ணீர். மற்ற வண்டிகளுக்கு டயரில்தான் வார்ப்பார். மருந்தக ஜீப்புக்கு மட்டும், நோய் உள்ளே இருக்கிறது என்று, ரிம்மின் ஓட்டை வழியாக உள்ளே வார்க்க ஆரம்பித்திருந்தார். நடுக்கம் கூடக் கூடக் கெண்டியும் கூடியது.

“இரண்டு கெண்டி ஊத்துங்கன்னு சொன்னது யாரு தெரியுமா?” என்றாள் புருல்.

“யாரு?”

“நான்தான்.”

அவளுக்குத் தாயத்தில் நம்பிக்கை இல்லை, தர்காவிலும் இல்லை. எல்லாரும் நிறுத்துகிறார்கள் என்று நிறுத்தினாள், கிழவர் மனம் நோகக் கூடாது என்று ஊற்றச் சொன்னாள். நம்பாதவர்கள் மரியாதைக்குத் தலையாட்டித்தான் உலகத்தில் பாதி மூடத்தனம் உயிரோடு இருக்கிறது.

பழைய டிராக்டர் நிலையத்தில் லேத் இன்னும் ஓடியது. டிஸ்க் இரண்டையும் மாட்டி, அவளே மெல்லச் சீவித் தட்டையாக்கினாள். மாட்டி ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் கையில் செத்த பூனைபோல் கிடந்தது. “சீவினதுல டிஸ்க் மெலிஞ்சிருக்கு. இனி ஒரு கெண்டி போதும், வளைஞ்சிடும்” என்று சைனபிடம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை சாதிர்பெக் முன்னால் உட்கார்ந்தார், மிர்லானும் சைனபும் பின்னால். தர்காவைத் தாண்டியதும் மிர்லான் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. கணவாயில் ஏறி, பதினோரு கிலோமீட்டரும் இறங்கினார்கள். சாதிர்பெக் தன் தொப்பியை முன்பலகைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். தொப்பி அசையவில்லை. ஏழாவது கிலோமீட்டரில் அவர் முகம் வாடிவிட்டது.

“சாலையப் புதுசாப் போட்டாங்களோ” என்றான் மிர்லான்.

“போன வருஷம் எங்க பள்ளம் இருந்துச்சோ அங்கியேதான் இருக்கு தம்பி. நீயே குனிஞ்சு பாரு.”

தர்காவில் ஒசோர் அத்தா இரு கையிலும் கெண்டியோடு சாலைக்கே வந்துவிட்டார்.

புருல் இறங்கிக் குறுக்கே நின்றாள். “இன்னிக்கு வேணாம் அத்தா. டிஸ்க்கு கொதிக்குது.”

“கொதிக்குதுன்னுதாம்மா ஊத்தறதே” என்றார் கிழவர்.

“ஒரு மணி நேரம் போகட்டும். ஆறினப்புறம் ஏழு கெண்டி ஊத்துங்க.”

சாதிர்பெக் கண்ணாடியை இறக்கினார். “புனித இடத்துல தகராறு பண்ணாத புருல். ஊத்தட்டும்.”

“ஊத்தினா சொல்லிட்டேன் பைகே. அஞ்சு நிமிஷத்துல நடுங்கும். சைனப், நீ சாட்சி. மிர்லான், நீயும் சாட்சி.”

“நான் எதுக்கு சாட்சி? நான்தான் ஓட்டப்போறேன்” என்றான் மிர்லான்.

கிழவர் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழும்பி அவர் தாடியை மறைத்தது. “பாரு, கெட்டது எப்படிப் போவுது” என்றார் திருப்தியாக.

மிர்லான் ஓட்டுநர் இடத்தில் ஏறினான். தர்காவிலிருந்து மாவட்ட நகரம் வரைக்கும் சமவெளி. முதல் சந்திப்பில் மாட்டுக் கூட்டத்துக்காகப் பிரேக்கை மிதித்தான். ஸ்டியரிங் அவன் இரு கையையும் பிடித்து உலுக்கியது. தொப்பி முன்பலகையிலிருந்து சாதிர்பெக்கின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் திரும்ப வைத்தார். அடுத்த வளைவில் மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை அதைத் தலையிலேயே மாட்டிக்கொண்டார்.

“நாலு நிமிஷம்” என்றாள் பின்னாலிருந்து சைனப், கடிகாரத்தைப் பார்த்து. “எஜே அஞ்சு சொன்னாங்க.”

மாலையில் ஊராட்சி கூடியது. சாதிர்பெக்கையும் சைனபையும் சேர்த்து ஏழு உறுப்பினர்கள். வளைந்த டிஸ்க்கைப் பற்றி, சுண்ணாம்பைப் பற்றி, சூட்டையும் குளிரையும் பற்றிப் புருல் இருபது நிமிஷம் பேசினாள். ஊசி குத்திய கட்டையைக்கூடக் காட்டினாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சாதிர்பெக் எழுந்தார். நேர்மையான மனிதர், தன் கண்ணால் கண்டதை மறைக்கவில்லை.

“பொம்பள ஓட்டினா நடுங்கல. ஆம்பள ஓட்டினா நடுங்குது. நானே பாத்தேன். ஒன்பது வருஷத்துல வண்டி பொம்பளக் கைக்குப் பழகிடுச்சு. இனி வேற கையத் தாங்காது. சாவி புருல்கிட்டயே இருக்கட்டும்.”

ஏழு பேரும் கை தூக்கினார்கள். மிர்லான் எல்லாரையும்விட நிம்மதியாகத் தெரிந்தான்.

“அது காரணம் இல்ல பைகே” என்றாள் புருல்.

“சாவிதான் கெடச்சிடுச்சே. ஒனக்குச் சாவி வேணுமா, காரணம் வேணுமா?”

“ரெண்டும்.”

“ஏம்மா?”

“இன்னிக்கு என் கையால நடுக்கம் நிக்குதும்பீங்க. நாளைக்கு யாராவது ஊத்தி நடுங்கினா, என் கை கெட்டுப்போச்சும்பீங்க. போன வாரம் அதத்தான் சொன்னீங்க. தீர்மானப் புத்தகத்துல தண்ணின்னு எழுதுங்க.”

தர்காத் தண்ணீரைக் குற்றம் சொல்லித் தீர்மானம் எழுத முடியாது என்றார் ஒருவர். எழுதலாம், ஊற்று என்று போடாமல் திரவம் என்று போடலாம் என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, காரணம் எது என்று வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தண்ணீர்தான் காரணம் என்று சைனப் கை தூக்கினாள். பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் கையைப் பாதி தூக்கினார்; அவர் மகளுக்குத் தர்காவில் வைத்துத்தான் நிச்சயம் செய்வதாக இருந்தது. பாதியைப் பாதியாகவே எண்ணினார்கள். ஐந்தரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் இரும்பு தோற்றது. ஜீப்பின் நோய்க்கும் நிவாரணத்துக்கும் பெண்ணின் கையே காரணம் என்று புத்தகத்தில் ஏறியது. முத்திரையும் விழுந்தது.

புருல் மறுநாளே டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் ஏற்றினாள். இந்தத் தடவைக்குமேல் சீவ இரும்பு இல்லை. இன்னொரு தடவை வளைந்தால் மாற்று டிஸ்க் கிடைக்கும்வரை வண்டி நிற்கும், பனி வந்துவிட்டால் பெண்களுக்குக் குதிரைதான். சீவிக்கொண்டே அவள் அந்தத் தீர்மானத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப வாசித்தாள். முட்டாள்தனமான வாசகம்தான். ஆனால் முத்திரை போட்ட முட்டாள்தனம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினாள். தர்காவில் ஒசோர் அத்தா இரண்டு கெண்டிகளோடு நின்றார். புருல் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்சக்கரத்துக்கும் கிழவருக்கும் நடுவே வந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“என்னம்மா?”

“ஊராட்சித் தீர்மானம் அத்தா. முத்திரையோட இருக்கு. நோயும் மருந்தும் என் கையிலதானாம். சக்கரத்துல ஊத்தி என்ன பிரயோசனம், இங்க ஊத்துங்க.”

கிழவர் கெண்டியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார். தீர்மானத்தை அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். மறுக்க அவருக்கு வழி இருக்கவில்லை.

“ரெண்டு கெண்டியுமா?”

“ரெண்டுமே. நெறைய கிரீசு இருக்கு.”

அவர் ஊற்றினார். தண்ணீர் விரல் நோகும்படி ஜில்லிட்டது. அவள் நகக்கண் வரைக்கும் நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். பின்னிருக்கையில் பெண் முனகினாள்.

“வந்துட்டேன்” என்று கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு புருல் ஏறினாள். முதல் சந்திப்பில் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஆடாமல் நின்றது.